டீசல் பங்கு

முதலில் மாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் வடக்குப்பட்டு வளைவில் இசைவாணியின் வண்டிக்குக் குறுக்கே வந்ததே, அந்த மாடு பிழைத்துவிட்டது. மறுநாளே எழுந்து, பழையபடி நடுரோட்டில் நின்றுகொண்டு லாரிக்காரர்களிடம் திட்டு வாங்க ஆரம்பித்துவிட்டது. அடிபட்டது வண்டியின் முகமும், உள்ளே உட்கார்ந்திருந்த ஐஸ்வர்யாவின் வலது மணிக்கட்டும்தான்.

இசைவாணியின் வண்டியைத் தெரியாதவர்கள் வடக்குப்பட்டில் கிடையாது. ஊரிலிருந்து ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் ஆறு பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு போவாள். ஷிப்ட் முடிந்ததும் அவளே போய் அழைத்து வந்து ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள். அவள் ஓட்டுகிறாள் என்பதற்காகத்தான் அந்த வீடுகளில் பெண்களை ராத்திரியில் முடிகிற ரெண்டாவது ஷிப்டுக்கு அனுப்புகிறார்கள். விபத்து நடந்த அன்று மட்டும் அவள் மாமியாரைக் காஞ்சிபுரம் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாக ஸ்டியரிங்கைப் பிடித்தவன் அவள் கணவன் அன்பு.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். மாமியார் கோவிந்தம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். மோரோடு நிறுத்தியிருக்கலாம்.

“வண்டி வாடகைக்கு ஓடுதாம்மா?” என்று அவர் கேட்டார்.

“வாடகையா? சேச்சே! அல்லாம் நம்மூர்ப் பொண்ணுங்க. மாசம் பொறந்தா டீசல் பங்கு மட்டும் குடுக்குங்க, அவ்ளோதான்” என்றாள் கோவிந்தம்மா, பெருமையாக.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் யாருமே அதை வாடகை என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய் வாடகை வாங்கினால் ஊர் காறித் துப்பும். அதையே டீசல் பங்கு என்று வாங்கினால் யாருக்கும் உறுத்தாது. ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒரு வண்டி ஓடுகிறது. ஆனால் சர்வேயருக்கு அந்த ஊர்ப் பழக்கம் தெரியாது, தெரிந்தாலும் எழுத இடமில்லை. சொந்த உபயோகம் என்று எழுதிக் கொடுத்த வண்டியில் காசுக்கு ஆள் ஏற்றியதால் எதுவும் தருவதற்கில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. வண்டிக்கும் இல்லை, ஐஸ்வர்யாவின் கைக்கும் இல்லை. இனி இந்த வண்டிக்கு எங்களிடம் பாலிசியே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். இருக்கிற பாலிசி இன்றோடு முடிகிறது.

மெக்கானிக் மாரிராஜ் நேற்றுத்தான் வண்டியைத் தட்டிக் கொட்டிக் கொண்டுவந்து விட்டிருந்தார். நாளை மதியம் ரெண்டாவது ஷிப்டுக்கு வண்டி வந்துவிடும் என்று இசைவாணி ஐந்து வீடுகளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு வாக்கு என்றால் வாக்குதான்.

“அண்ணி, இங்க பாருங்க. காபி ஆறல, அதுக்குள்ள ரேட் வந்துடுச்சு” என்று லேப்டாப்பைத் திருப்பினாள் பிரவீனா.

பிரவீனா, அன்புவின் தங்கை. வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். புடவையிலிருந்து கரப்பான் மருந்துவரை எல்லாவற்றையும் அந்தத் திரையிலேயே வாங்குகிறவள். கடைக்குப் போய்ப் பேரம் பேசுவது அவளுக்குப் பிடிக்காது.

இசைவாணி எட்டிப் பார்த்தாள். “இவ்ளோ கம்மியா? போன வருஷம் டிப்பர் லாரி இடிச்சி ஒரு கிளெயிம், இப்ப ஒண்ணு. இந்த வண்டிக்கா இந்த ரேட்டு?”

“அது வந்து... கிளெயிம் இருக்கான்னு கேட்டுச்சு. இல்லன்னு போட்டேன்.”

“வண்டி எதுக்கு ஓடுதுன்னு கேக்கலையா?”

“கேட்டுச்சு. சொந்த உபயோகம்.”

“ஏன்டி பிரவீனா!”

“எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க அண்ணி. அது என்ன நேர்ல வந்தா பாக்கப் போவுது?”

“போன தடவ நேர்ல வந்துதே. உங்கம்மா மோர் குடுத்தாங்களே” என்றாள் இசைவாணி. “மாத்து. உள்ளத உள்ளபடி போடு.”

பிரவீனா முனகிக்கொண்டே மாற்றினாள். இரண்டு கிளெயிம், காசு வாங்கி ஆள் ஏற்றுவது, எல்லாம். திரை கொஞ்ச நேரம் சுற்றியது. ரேட் மறைந்தது. உங்கள் வாகனத்துக்கு இணையம் வழியாகப் பாலிசி வழங்க இயலவில்லை, எங்கள் பிரதிநிதி தொடர்புகொள்வார் என்று வந்தது.

“பாத்தீங்களா? உண்மையச் சொன்னதும் கடைய சாத்திட்டாங்க” என்றாள் பிரவீனா.

“அதுக்குத்தான் நான் அப்பத்துலேர்ந்து கத்திக்கினு கீறேன்!” என்று அடுப்படியிலிருந்து வந்தாள் கோவிந்தம்மா. கண்ணில் இன்னும் கறுப்புக் கண்ணாடி. “எந்தம்பி தொரை இன்னாத்துக்குக் கீறான்? படப்பைல பாதிப் பேருக்கு அவன்தான் இன்ஷூரன்ஸ் போட்றான். ஊரு பேரு தெரியாதவன் வூட்டுக் கதவ தட்டிக்கினு கீறீங்க!”

தம்பி அண்ணாதுரை அன்புவுக்குத் தாய்மாமன். முறைப்படி இசைவாணிக்குச் சித்தப்பா ஆக வேண்டும். அவள் அவரிடம் போகத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. சொந்த உபயோகம் என்று போன வருஷம் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். மாதம் பிறந்தால் டீசல் பங்கு வருவது அவருக்குத் தெரியாதா என்ன? அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பெண்கள் காசு கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை போட்டவர்.

போன் அடித்தது. பிரதிநிதி. பிரவீனா ஸ்பீக்கரில் போட்டாள். சின்ன வயசுக் குரல், வணக்கம் மேடம் என்று ஆரம்பித்து, கண்ணாடி உடைந்தால், வெள்ளம் வந்தால், சாவி தொலைந்தால் என்று மடமடவென்று ஒப்பித்தது.

இசைவாணி குறுக்கிட்டாள். “தம்பி, ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு என் வண்டியில வர்ற பொண்ணுக்குக் கை ஒடிஞ்சா உங்க பாலிசி குடுக்குமா?”

குரல் மறுபடி வெள்ளத்துக்குப் போயிற்று. அவள் விடவில்லை. அதே கேள்வியை அப்படியே திருப்பிக் கேட்டாள். பிறகு இன்னொரு முறையும் கேட்டாள். எதிர்முனையில் ஒப்பிப்பு நின்றது. குரல் தணிந்தது.

“கிடைக்காதுக்கா” என்றான் அவன். மேடம் எங்கோ போய்விட்டது. “மாசாமாசம் துட்டு வாங்கிட்டு ஏத்துதீங்கன்னா அது டாக்ஸி கணக்கு. வண்டி மஞ்சள் போர்டா இருக்கணும். உங்களுக்கு வெள்ளை போர்டு. எங்ககிட்ட இதுக்கு வழி இல்லக்கா.”

“உம் பேரு இன்னாப்பா?”

“பேச்சிராஜ்.”

“நல்லா இரு பேச்சிராஜ். மறைக்காம சொன்ன பாரு.”

போனை வைத்த கையோடு, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஒரு செய்தி வந்தது. பாலிசி கொடுக்காத கம்பெனிக்கு பிரவீனா ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

கோவிந்தம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. “காசு வாங்குனாத்தான தப்புன்றான்? அரிசியா குடுக்கச் சொல்லு. கடலைப்பருப்பு குடுக்கச் சொல்லு. அத இன்னா பண்ணுவான்?”

“நீங்க சும்மா இருங்க அத்தை. அடுத்த சர்வேயர்கிட்ட அதையும் சொல்லி வெப்பீங்க” என்று இசைவாணி சாவியை எடுத்தாள்.

படப்பைக்குப் போகும் வழியில் அவள் ஐஸ்வர்யா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். பிரவீனாவை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினாள்.

ஐஸ்வர்யா மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். காருக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுகிற லைனில் அவளுக்கு வேலை. விரலும் மணிக்கட்டும்தான் அதில் மூலதனம்.

“என் எடத்துல வேற பொண்ண நிறுத்திட்டாங்களாம் வாணிக்கா. சூப்பர்வைசர் மெசேஜ் போட்டாரு. கட்டு பிரிச்சதும் வா, பாக்கலாம்னு.”

அவள் அம்மா சுந்தராம்பாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் இசைவாணி படியேறினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுந்தராம்பாள் வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “கட்டு பிரிச்சா உன் வண்டியிலதான் வாணி அனுப்புவேன். கம்பெனி பஸ்ஸுக்காரன் மெயின் ரோட்டுல எறக்கி வுட்டுட்டு அவன் பாட்டுக்குப் பூடுவான். வேற ஆர நம்பி நான் அனுப்பறது?” என்றாள்.

இசைவாணி தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். இவள் நம்புகிறாள். நம்பி ஏற்றிவிட்ட பெண்ணுக்குக் கை ஒடிந்தபோது கேட்பாரில்லை. வண்டி நாளைக்கு ஓடியாக வேண்டும், ஆனால் இனி ஒரு பெண் அதில் கேட்பாரற்று ஏறக் கூடாது. இரண்டும் நடந்தாக வேண்டும். வண்டியில் ஏறி நேரே படப்பைக்கு விட்டாள்.

அண்ணாதுரையின் ஆபீஸ் படப்பை பஜாரில், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. அவர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அக்கா போன் செய்திருக்க வேண்டும். டீ வந்தது, சமோசா வந்தது.

“எல்லாம் ரெடி. வேற கம்பெனியில பேசிட்டேன். கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா வூட்டுக்குப் போம்மா” என்றார்.

“இன்னான்னு போட்டுகீறீங்க சித்தப்பா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு? நான் பாத்துக்கறேன்.”

“கிளெயிம்?”

“இல்லன்னு.”

“உபயோகம்?”

“சொந்த உபயோகம்தான்.”

பிரவீனா சமோசாவை வாயருகே வைத்தபடி சிரித்துவிட்டாள். “இந்த ரெண்டையும் நான் காலையிலயே லேப்டாப்ல போட்டுட்டேன் மாமா. சமோசாதான் அங்க குடுக்கல.”

அண்ணாதுரைக்கு முகம் சுருங்கியது. “சிரிப்பா இருக்கா உனக்கு? அன்னைக்கு ஆக்ஸிடென்ட்னு போன் வந்ததும் சாப்பிட்ட கையோட ஓடி வந்தது யாரு? ஐஸ்வர்யாவ ஆஸ்பத்திரில சேத்தது யாரு? கிரேன் புடிச்சி வண்டிய எடுத்தது யாரு? உன் லேப்டாப்பா வந்துச்சு?”

அது உண்மை. அதில் ஒரு சொல்லும் மிகையில்லை. இசைவாணி அதை மனதார ஒப்புக்கொண்டாள். அதனாலேயே அடுத்த கேள்வியை அவரிடம் கேட்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

“நாளைக்கு என் வண்டியில வர்ற பொண்ணுக்குக் கை ஒடிஞ்சா, இந்தப் பாலிசி குடுக்குமா சித்தப்பா?”

அண்ணாதுரை டீயைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கிய டீதான். “நான் பேசி...”

“பேசுறது வேற. குடுக்குமா?”

“...குடுக்காது.”

“அப்ப ஏன் போன வருஷமும் அப்டியே போட்டுக் குடுத்தீங்க?”

“உங்களுக்கு செலவு கொறையட்டும்னுதாம்மா. அக்கா வூடாச்சே. பாசத்துல செஞ்சது.”

“அந்தப் பாசத்தாலதான் அவ கைக்கு ஒண்ணும் வரல.” இசைவாணியின் குரல் ஏறவில்லை. “காலையில போன்ல ஒரு தம்பி பேசுச்சு. உண்மையச் சொல்லுது, ஆனா அதால ஒண்ணும் செய்ய முடியாதாம். உங்களால எல்லாம் செய்ய முடியும், ஆனா உண்மையச் சொல்ல மாட்டேன்றீங்க. நான் யார்கிட்டதான் போறது சித்தப்பா?”

“எனக்கே தொழில் சொல்லித் தர்றியா நீ?” என்று அவர் எழுந்துவிட்டார்.

“இல்ல. என் வண்டிக்கு உண்மைய எழுதி ஒரு பாலிசி கேக்கறேன். நீங்க போடலன்னா ஒரகடத்துல இன்னொருத்தர் இருக்காரு, அவர்கிட்ட போறேன். வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களக் கேட்டேன். அவ்ளோதான்.”

அக்கா வீட்டு மருமகளே வெளியாளிடம் போனால் படப்பை பஜாரில் தலைகாட்ட முடியாது. அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவரை உட்கார வைத்தது அது மட்டுமல்ல என்றுதான் தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கத்தியதைக் கேட்டவர் அவர்.

உட்கார்ந்தார். எழுதியதை அழித்தார். பிறகு அவர் பேசியது தொழில்காரனின் பேச்சு.

“கேட்டுக்கோ. ரெண்டு கிளெயிமையும் சொன்னா பிரீமியம் எகிறும். பங்கு வாங்கி ஓட்டணும்னா மஞ்சள் போர்டுக்கு மாத்தணும், பர்மிட் வாங்கணும், அப்பறம் டாக்ஸி பாலிசி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை, வாரக்கணக்குல இழுக்கும்.”

“அதுவரைக்கும் வண்டி நிக்கணுமா?”

“நிக்க வேணாம். ஒரு வழி கீது. போர்டு மாறுற வரைக்கும் அந்தப் பொண்ணுங்ககிட்ட ஒரு காசு வாங்காத. வாங்காத வரைக்கும் சொந்த உபயோகம்தான், பொய்யில்ல. ஆனா டீசல் முழுக்க உன்னுது. தாங்குவியா?”

இசைவாணி ஒரு நிமிடம் யோசித்தாள். “கம்பெனி கேன்டீன்ல ரெண்டாவது ஷிப்டுக்கு ஆள் கேட்டுக்கினு கீறாங்க. அவங்கள எறக்கி விட்டுட்டு நான் வீடு வந்து திரும்பத்தான போறேன்? அந்த நேரத்துல அங்கயே நிக்கறேன். டீசலுக்கு ஆச்சு.”

“அண்ணி, நீங்களா போய் அங்க காய் நறுக்கப் போறீங்க?” என்றாள் பிரவீனா.

“நறுக்கறேன். அதுல இன்னா?”

அண்ணாதுரை அவளையே பார்த்தார். அப்புறம் போனை எடுத்துப் புதுக் கம்பெனியின் கிளை மானேஜரைக் கூப்பிட்டார். இந்த முறை ‘நான் பாத்துக்கறேன்’ எல்லாம் இல்லை. வண்டி இது, டிப்பர் இடித்தது இது, மாடு வந்தது இது, பங்கு வாங்கியதும் உண்மை, இனி வாங்கப்போவதில்லை, போர்டு மாற்றப்போகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். இசைவாணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் அன்பு படியேறி வந்தான். முதல் ஷிப்ட் முடிந்து, பஜாரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வருகிறான். யூனிபார்ம் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “முடிஞ்சிதா வாணி?” என்றான்.

“முடியப் போவுது. உக்காருங்க” என்றாள் அவள். சந்தோஷத்தில் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அண்ணாதுரை போனின் வாயைக் கையால் மூடினார். “மானேஜர் கேக்கறாரு. மாடு மோதினப்ப யார் ஓட்டினாங்கன்னு.”

அவர் கேட்டது இசைவாணியை. பார்த்தது அன்புவை.

“அவருதான்” என்றாள் இசைவாணி. “இதுல இன்னா இருக்குது?”

பிரவீனா சமோசாவைக் கீழே வைத்தாள்.

“சர்வேயர்கிட்ட... நீ ஓட்டினதா சொல்லிகீது” என்றார் அண்ணாதுரை, மெதுவாக.

“நானா? நான் அத்தையோட காஞ்சிபுரத்துலல்ல இருந்தேன்!”

அன்பு தலையைக் குனிந்துகொண்டான். “என் லைசென்ஸ் முடிஞ்சி போச்சி வாணி. எப்பவோ முடிஞ்சிது. புதுப்பிக்கலாம் புதுப்பிக்கலாம்னு தள்ளித் தள்ளிப் போட்டே நாள் போயிடுச்சு. பொண்ணுங்க ஷிப்டுக்கு நேரமாச்சின்னு நின்னாங்க, சாவிய எடுத்துட்டேன். அப்பறம் மாமாதான், உன் லைசென்ஸ் காப்பியக் குடுத்துடலாம், வூட்டோட முடிஞ்சிடும்னு...”

மாமியாரின் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டு அவள் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில், இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கணக்கில் வடக்குப்பட்டு வளைவில் மாட்டை இடித்தவளும் அவளே. ஐஸ்வர்யாவின் கையை ஒடித்தவளும் அவளே. வாழைப்பழத்தோடு அந்த வீட்டுப் படியேறியபோது அது அவளுக்குத் தெரியவில்லை. இசைவாணிக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

போனில் “ஹலோ, ஹலோ” என்றது.

அன்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “சொல்லிடாத வாணி. போலீஸ் கேஸ் ஆயிடும். எட்டு வருஷமா கான்ட்ராக்ட்ல கீறேன், இந்தத் தடவதான் பர்மனன்ட்டுக்கு எம்பேரு போயிருக்குது. கேஸுன்னு தெரிஞ்சா எடுத்துடுவாங்க. இந்த ஒண்ணு மட்டும். இந்த ஒரே ஒண்ணு.”

அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்காத மனிதன். அவன் விரல்களில் கம்பெனி ஆயிலின் வாசனை இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், நாளைக்கு வண்டி ஓடும், அவன் வேலையும் நிலைக்கும். அவள் மனம் அந்தத் தலையசைப்பு வரைக்கும் போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன் என்கிறவள்தான், ஆனால் அவளும் ஒரு பெண்டாட்டி.

“அடுத்த தடவ ஒரு பொண்ணுக்கு அடிபட்டா, இந்த ஒரே ஒண்ணத்தாங்க இன்ஷூரன்ஸ்காரன் மொதல்ல தோண்டி எடுப்பான்” என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

அவன் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அண்ணாதுரையிடமிருந்து போனை வாங்கினாள்.

“சார், வண்டி ஓனர் இசைவாணி பேசறேன். அன்னைக்கு ஓட்டினது நான் இல்ல சார்.”

“அப்ப யாரும்மா?” என்றது மானேஜரின் குரல்.

அவள் போனைக் கணவனிடம் நீட்டினாள். “இத நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அண்ணாதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே பஜாரில் ஷேர் ஆட்டோக்காரன் மணிமங்கலம், மணிமங்கலம் என்று ஆள் கூவிக்கொண்டிருந்தான்.

அன்பு போனை வாங்கிக் காதில் வைத்தான். “சார், அன்னைக்கு ஓட்டினது...” என்று ஆரம்பித்தான். இசைவாணி அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள்.